பச்சை இலை, கறுத்த வேர்: கோலாலம்பூர் நாற்றுப்பண்ணை ஒன்றில் தழைச்சத்தும் வேர்ச் சுவாசமும்

கெப்போங் பக்கம் உள்ள ஒரு நாற்றுப்பண்ணையில், அக்டோபர் நவம்பர் மழைக்காலத்தில், விதையிலிருந்து வளர்த்த போடோ நாற்றுகள் வரிசை வரிசையாகச் சாகத் தொடங்கின. போடோ என்று இங்கே எல்லாரும் சொல்வது பொடோகார்ப்பஸ். கொண்டோ வாசலிலும் பங்களா வேலியிலும் இறுக்கமாக வெட்டி நிறுத்துகிறார்களே, அந்தக் கரும்பச்சைச் செடிதான். இலை கொஞ்சம் அகலம் என்பதால் பலருக்குத் தெரிவதில்லை, ஆனால் பைன் மரத்தைப் போல இதுவும் கூம்பு மரக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தது.

பண்ணை உரிமையாளர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ரப்பர் நாற்றங்காலில் வேலை பார்த்தவர். மண்ணைக் கையில் எடுத்தாலே ஈரம் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரையே இந்தச் சாவு குழப்பியது. காரணம், செத்த நாற்றுகள்தான் பார்க்க நன்றாக இருந்தன. இலை கரும்பச்சை, புதுத் துளிர் நீளமாக, மென்மையாக. பிறகு ஒரு காலையில் துளிர் தொங்கும். பை ஈரமாகவே இருக்கும், ஆனால் செடி தண்ணீருக்கு ஏங்குவது போல வாடும். பையைக் கிழித்தால் வேர் நுனிகள் பழுப்பும் கறுப்புமாக இருக்கும், இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வரும், புளித்த வாடை அடிக்கும்.

"இலை பச்சையாத்தானே இருக்கு தம்பி, வேர் எப்படிச் செத்துச்சு?" என்று அவர் கேட்டார். இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் எழுந்த சந்தேகங்கள்

நான் போவதற்கு முன்பே, வேர்முடிச்சு நூற்புழு என்று யாரோ சொல்லி மருந்தும் வாங்கி வைத்திருந்தார்கள். வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தது உண்மை. ஆனால் அவை பாசிமணி கோத்தது போல ஒரே அளவில், வேரின் இருபுறமும் ஒழுங்கான வரிசையில் இருந்தன. நூற்புழு உண்டாக்கும் முடிச்சு இப்படி ஒழுங்காக இருக்காது. வேரே கண்டபடி வீங்கிக் கோணிக்கொள்ளும். போடோ குடும்பத்திலும் டாமார் மின்யாக் மரம் சேர்ந்த அகத்திஸ் குடும்பத்திலும் இந்த உருண்டைகள் இயல்பாகவே வருபவை. வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் வேர்ப்பூஞ்சைகள் அவற்றுக்குள் தங்குகின்றன. பூஞ்சை இல்லாத மண்ணிலும் உருண்டை வரும், அது செடியின் சொந்த அமைப்பு. பயறு வேரைப் போல இவை காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுக்கின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இவற்றின் முக்கிய வேலை அதுவல்ல. நூற்புழு மருந்தை ஊற்றியிருந்தால் செடிக்கு ஒரு நன்மையும் கிடைத்திருக்காது.

அடுத்த சந்தேகம் வேரழுகல் பூஞ்சை. இதை ஒதுக்க முடியாது. நீர் தேங்கிய வேரில் பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் (வழக்கில் இவற்றையும் பூஞ்சை என்றே சொல்வோம்) எளிதாக நுழையும். செத்த வேரில் அவை இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் பூஞ்சை மட்டுமே காரணம் என்றால், பண்ணையில் கண்ட ஒரு விஷயத்துக்கு விளக்கம் இல்லாமல் போகிறது: அதே விதை, அதே மண்கலவை, அதே மழை, ஆனால் வேலியோர வரிசையில் சாவு மிகக் குறைவு. அந்த நாற்றுகள் மஞ்சள் பாரித்து, குட்டையாக, விற்பனைக்கு ஆகாத தோற்றத்தில் இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தன. அவற்றின் வேர் வெள்ளையாக இருந்தது.

வித்தியாசம் எங்கே என்று அங்கே தண்ணீர் ஊற்றும் அக்காவிடம் கேட்டதும் தெரிந்துவிட்டது. உரத் தண்ணீர் ஊற்றும் குழாய் வேலியோரம் வரை எட்டாது.

உரமும் பையும்

யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வாரந்தோறும் ஊற்றியிருக்கிறார்கள். செடி வாங்குபவர் ஆண்டு முடிவதற்குள் உயரம் வேண்டும் என்று நெருக்கியதால், மழை தொடங்கிய சமயத்தில்தான் அளவையும் கூட்டியிருக்கிறார்கள். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் திட உரங்களில் இதைவிடச் செறிவானது இல்லை.

பையில் இருந்தது பழைய, பொடிப்பொடியான தேங்காய் நார்த்தூளும் நைசான மணலும். ஒரு பையை நிறைய நனைத்து, அடியில் பாத்திரம் வைத்து வடியவிட்டேன். வடிந்த தண்ணீர் மிகக் கொஞ்சம். வடியும் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு இடம்தான் பிறகு காற்றுக்குக் கிடைக்கும். பைகள் கறுப்பு, தரையில் நெருக்கமாக அடுக்கியவை. மேலே அடர்ந்த நிழல்வலை. மழைக்காலத்தில் வானமும் பாதி நாள் மூடியே கிடக்கும்.

தழைச்சத்து அதிகம், காற்று குறைவு, வெளிச்சம் குறைவு, சூடு அதிகம். இந்த நான்கும் ஒரே பையில் கூடியதுதான் இந்த வழக்கின் மையம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் கொலைகாரன் என்று சொல்ல முடியாது.

தழைச்சத்து வந்தால் வேர் ஏன் வேகமாக மூச்சு விடுகிறது

இலை சர்க்கரை செய்கிறது, வேர் அதை எரிக்கிறது. ஒரு நாளில் செடி செய்யும் சர்க்கரையில் ஏறக்குறைய 8 முதல் 52 விழுக்காடு வரை வேர்ச் சுவாசத்துக்கே போகிறது என்று பல தாவரங்களில் அளந்திருக்கிறார்கள். எரிப்பதற்கு மூன்று காரணங்கள்: புது வேர் வளர்க்க, இருக்கும் வேரைப் பராமரிக்க, மண்ணிலிருந்து சத்தை உள்ளே இழுக்க. தழைச்சத்து இந்த மூன்றையும் தொடுகிறது.

பராமரிப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நாற்றுக்காரர்கள் அதிகம் கவனிக்காதது அதுதான். வேருக்குள் போன தழைச்சத்தில் பெரும்பங்கு புரதமாகிறது. புரதம் சும்மா கிடக்காது. உடைந்துகொண்டே இருக்கும், செடி அதை மறுபடி கட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு இரவும் பகலும் ஆற்றல் வேண்டும். அதனால்தான் திசுவில் தழைச்சத்து கூடினால் சுவாசமும் கூடுகிறது. பீட்டர் ரைக்கும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் 287 தாவர இனங்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இலை, தண்டு, வேர் மூன்றிலும் இந்த உறவு தெளிவாகத் தெரிந்தது. அதைவிட நமக்கு முக்கியமான இன்னொன்றும் அதில் உண்டு: ஒரே அளவு தழைச்சத்து இருந்தால், சராசரியாக இலையைவிட வேரும் தண்டும் கூடுதலாகச் சுவாசிக்கின்றன. இலையில் தெரியும் கரும்பச்சைக்குப் பின்னால் வேரின் செலவு ஏறிக்கொண்டிருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை.

உள்ளே இழுக்கும் செலவு தழைச்சத்து எந்த வடிவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. நைட்ரேட்டாக வந்தால், அதை அம்மோனியமாக மாற்ற ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எட்டு எலக்ட்ரான்கள் வேண்டும். இலையில், வெயிலில் நடந்தால் ஒளிச்சேர்க்கை அதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். வேரில் நடந்தால் சர்க்கரையை எரித்துத்தான் கொடுக்க வேண்டும். அம்மோனியமாக வந்தால் இந்த வேலை மிச்சம். கூம்பு மரங்களில் சில அம்மோனியத்தையே விரும்புபவை. ஹெர்பர்ட் குரோன்சுக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவின் வெள்ளை ஸ்புரூஸ் நாற்றுகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை 20 மடங்கு வரை கூடுதலாக எடுத்தன.

அப்படியானால் யூரியா நல்லதுதானே என்று தோன்றும். யூரியா மண்ணில் யூரியேஸ் நொதியால் உடைந்து அம்மோனியமாகத்தான் மாறுகிறது. சிக்கல் அளவில் இருக்கிறது. அம்மோனியத்தைச் செடி தன் திசுவில் பெரிய அளவில் சேர்த்துவைக்க முடியாது, உடனே அமினோ அமிலமாகக் கட்டியாக வேண்டும். அதற்குச் சர்க்கரையிலிருந்து வரும் கார்பன் சட்டகம் வேண்டும். தேவைக்கு மேல் வரும் அம்மோனியத்தைச் சில செடிகளின் வேர் திரும்ப வெளியே தள்ளுகிறது. தள்ளியது மறுபடி உள்ளே வருகிறது, மறுபடி தள்ளுகிறது. இந்த வீண் சுழற்சியைக் குரோன்சுக்கர் இடம்பெற்ற ஒரு குழு 2001இல் வாற்கோதுமையில் காட்டியது, அதனால் வேர்ச் சுவாசம் ஏறியதையும் அளந்தது. போடோவிலும் அப்படியே நடக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மோனியம் மிகுந்த, சர்க்கரை குறைந்த வேர் எந்தத் திசையில் போகும் என்பதை அது காட்டுகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு விளைவு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் படம் கோணிவிடும். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி வேரில் முதலீடு செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. தேடி அலைய வேண்டிய தேவை இல்லாததால் மெல்லிய வேர் குறைகிறது, தண்டும் இலையும் கூடுகின்றன. ஆகவே ஒரு கிராம் வேர் விடும் மூச்சு கூடும், ஆனால் செடியின் மொத்த வேர்ச் சுவாசம் கூடலாம், குறையவும் செய்யலாம். "உரம் போட்டால் வேர்ச் சுவாசம் கூடுமா குறையுமா" என்ற சர்ச்சையில் பாதிக்குமேல் இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்வதால் வருவது என்பது என் கருத்து.

கண்ணாடி ஜாடியில் பார்த்தது

பண்ணையிலேயே ஒரு எளிய ஒப்பீடு செய்தோம். உரம் பெற்ற வரிசையில் இன்னும் வெள்ளை வேர் உள்ள நாற்றுகளும், வேலியோர மஞ்சள் நாற்றுகளும். மெல்லிய வேரை மட்டும் கழுவி, ஒற்றி, ஒரே எடையில் எடுத்து, மூடிய கண்ணாடி ஜாடியில் கரியமில வாயு அளக்கும் கருவியோடு வைத்தோம். ஈரத்தாள் மட்டும் போட்ட ஒரு ஜாடி சரிபார்ப்புக்கு. வெட்டிய வேரில் சர்க்கரை தீர்ந்துகொண்டே வரும் என்பதால் தாமதிக்காமல் அளக்க வேண்டும். ஜாடியில் வாயு ரொம்பச் சேரவும் விடக்கூடாது. கறுத்த வேரை அளக்கவில்லை, ஏனென்றால் அதிலிருந்து வரும் வாயு வேருடையதா அழுகலுடையதா என்று பிரிக்க வழியில்லை.

எடைக்கு எடை பார்த்தால் உரம் பெற்ற வேர் தெளிவாக வேகமாக மூச்சு விட்டது. ஆனால் ஒரு நாற்றின் முழு மெல்லிய வேரையும் எடுத்துப் பார்த்தபோது மஞ்சள் நாற்றிடம் வேர் அவ்வளவு கூடுதலாக இருந்ததால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மேலே சொன்ன இரண்டு விளைவுகளும் ஒரே மேசையில் தெரிந்தன. ஜாடிகளைப் பிற்பகலில் பைக்குள் இருக்கும் சூட்டுக்கு வெந்நீரில் வைத்து ஏற்றியபோது இரண்டிலும் மூச்சு வேகமெடுத்தது. பொதுவாக வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பாடநூல் கணக்கு.

இது ஆய்வகத் தரத்தில் செய்ததல்ல. செடிகள் கொஞ்சம், கருவி எளியது. அளவைச் சொல்லும் தகுதி இதற்கு இல்லை, திசையை மட்டும் நம்பலாம்.

காற்று எங்கே போனது

வேர் கூடுதலாக மூச்சு விடுவது தன்னளவில் நோய் இல்லை. காற்றோட்டமான மண்ணில், நல்ல வெளிச்சத்தில், அது வளர்ச்சியின் அடையாளம். இந்தப் பையில் அது ஏன் ஆபத்தானது?

ஆக்சிஜன் தண்ணீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. அதோடு, தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் சொச்சம், 30 பாகையில் ஏழரை. கோலாலம்பூரில் பகல் வெப்பம் சாதாரணமாக 32, 33 பாகையைத் தொடும். மழை இடைவெளியில் வெயில் பட்ட கறுப்புப் பை அதற்கும் மேலே போகும். வேருக்குத் தேவை ஏறும் அதே நேரத்தில் வரத்து இறங்குகிறது.

அப்புறம், பைக்குள் ஆக்சிஜனுக்குப் போட்டியாளர்களும் உண்டு. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒரு கிராம் தழைச்சத்துக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் யூரியாவில் 0.46 கிராம் தழைச்சத்து. அது முழுவதும் நைட்ரேட்டாக மாற 2.1 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அது ஏழரை லிட்டருக்கும் அதிகமான காற்றில் இருக்கும் ஆக்சிஜன். ஒரு சின்ன நாற்றுப் பையின் மொத்தக் கொள்ளளவே ஒன்றிரண்டு லிட்டர்தான். ஈரமான பையில் அந்த மாற்றம் முழுதாக நடக்காது, மெதுவாகவே நடக்கும். இருந்தாலும் மூச்சுத் திணறும் பையில் யூரியாவை ஊற்றுவது யாருக்கு உணவு போடுகிறது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

ஆக்சிஜன் தீர்ந்தால் வேர் நொதித்தலுக்கு மாறுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஆக்சிஜனோடு 30க்கு மேல் கிடைக்கும் ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு), நொதித்தலில் வெறும் இரண்டு. புளித்த வாடை அங்கிருந்துதான். அதே வேலைக்குப் பல மடங்கு சர்க்கரை எரிக்க வேண்டும், ஆனால் நிழல்வலைக்குக் கீழே சர்க்கரை ஏது? வேர் அன்றாடம் இறங்கும் சர்க்கரையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு 2001இல் வெளியான ஸ்வீடன் சோதனை ஒன்று உண்டு. வட ஸ்வீடனின் ஸ்காட்ஸ் பைன் காட்டில் மரங்களின் பட்டையை வளையமாக எடுத்து, இலையிலிருந்து வேருக்குப் போகும் சர்க்கரையை நிறுத்தினார்கள். ஐந்து நாளில் மண்ணின் சுவாசம் 37 விழுக்காடு வரை விழுந்தது, ஒன்றிரண்டு மாதத்தில் ஏறக்குறைய 54 விழுக்காடு. வளர்ந்த மரத்துக்கே இந்த நிலை என்றால், சேமிப்பு எதுவும் இல்லாத நாற்றின் பாடு என்ன?

மஞ்சள் நாற்று பிழைத்தது இதனால்தான். அதன் வேரில் புரதம் குறைவு, ஒரு கிராமுக்கான தேவை குறைவு, ஊட்ட வேண்டிய துளிரும் குறைவு. அது பட்டினியில் இருந்தது, ஆனால் திணறவில்லை. பச்சை நாற்றின் வேர்தான் முதலில் கையேந்தியது. வலுவிழந்த அந்த வேருக்குள் பூஞ்சை பிறகு வந்திருக்கும்.

மாற்றியதும் நடந்ததும்

யூரியாவை உடனே நிறுத்தினோம். பெரும்பாலான நாற்றுகளை, பெரிய துண்டாக நறுக்கிய தேங்காய் மட்டையும் எரித்த உமியும் கலந்த புதுக் கலவைக்கு மாற்றினோம். பைகளைத் தரையிலிருந்து கம்பித் தட்டுக்கு ஏற்றி, நடுவே இடைவெளி விட்டோம். அடர்ந்த வலைக்குப் பதிலாக மெல்லிய வலை. மழை பெய்த நாளில் குழாயைத் திறப்பதே இல்லை.

எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது காப்பாற்றியது என்று தெரியாமல் போகும் என்பதால், இரண்டு சிறு கூட்டங்களைத் தனியே வைக்கச் சொன்னேன். ஒன்றில் யூரியா மட்டும் நிறுத்தம், பழைய கலவை அப்படியே. அங்கே புதுச் சாவு அடங்கியது, ஆனால் வெள்ளை நுனி வருவது மிகவும் மந்தம். மற்றதில் புதுக் கலவை, யூரியா பழைய அளவிலேயே தொடர்ந்தது. அவை பெரும்பாலும் பிழைத்தன, ஆனால் நெடுநெடுவென்று துளிரும், பையைக் கழற்றினால் உதிர்ந்து விழும் அளவுக்குக் குறைந்த வேருமாக நின்றன. நடவுக்குப் போய் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் அந்தச் செடி நிற்காது. இரண்டையும் மாற்றிய வரிசைகள்தான் வேரும் விட்டு நிறமும் மீண்டன. இலை பழைய கரும்பச்சைக்கு வரவில்லை, ஒரு படி வெளிறியே இருந்தது. அது போதும் என்று உரிமையாளரை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. செடி வாங்க வருபவர்கள் இலையைத்தான் பார்க்கிறார்கள், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆண்டு முடிவுக்கான ஆர்டரில் ஒரு பகுதியை அவரால் கொடுக்க முடியவில்லை. அந்த நஷ்டம் உண்மையானது.

இப்போது உரம் போடுவது மெதுவாகக் கரையும் குருணையாக, குறைந்த அளவில், அம்மோனியமும் நைட்ரேட்டும் கலந்தது. ஒரேயடியாக அம்மோனியம் நிறைவது இதனால் தவிர்கிறது.

பண்ணையில் கொஞ்சம் கரீபியன் பைன் நாற்றும் இருக்கிறது. இந்த முடிவுகளை அதற்கு அப்படியே பொருத்தக்கூடாது. போடோவின் கூட்டாளிப் பூஞ்சை வேரின் செல்லுக்குள் வாழ்வது, பைனின் கூட்டாளி வேர் நுனியை வெளியே உறையாகப் போர்த்துவது. பைனை அதன் சொந்த மண் அல்லாத நாடுகளுக்குக் கொண்டுபோன காலத்தில் அந்தப் பூஞ்சை இல்லாமல் நாற்றுகள் மஞ்சளித்து நின்றதும், பைன் காட்டு மண்ணைக் கலந்த பிறகு தேறியதும் பல இடங்களில் நடந்தது. அதிகத் தழைச்சத்து அந்தப் பூஞ்சை உறையைக் குறைக்கும் என்பதால் பைனில் உரத்தைக் கூட்டும் முன் இன்னும் யோசிக்க வேண்டும். செடியின் சர்க்கரை அந்தப் பூஞ்சை உறைக்கும் போகிறது, அதுவும் மூச்சு விடுகிறது. ஜாடியில் அளந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

தண்ணீர் ஊற்றும் அக்காவுக்காக உரநாளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் ஏதாவது சில பைகளைக் கழற்றி வேர் நுனியைப் பார்ப்பது. வெள்ளை நுனி நிறைய இருந்தால் உரம் உண்டு. பழுப்பு நுனி தெரிந்தால், இலை எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் அந்த வரிசைக்கு உரம் இல்லை, முதலில் வடிகால் பார்க்க வேண்டும். தொடர் மழை வாரமென்றால் பையைக் கழற்றக்கூட வேண்டாம், உரமே கிடையாது.

"அப்போ இலையைப் பார்க்கவே வேணாமா தம்பி?" என்று அக்கா கேட்டார். பாருங்கள் அக்கா, வேரைப் பார்த்த பிறகு பாருங்கள் என்றேன்.